120 கேமராவுக்குள் 35 மி.மீ. ஃபிலிம்: இரண்டு குழாய்த் துண்டுகளில் ஓர் அடாப்டர்

நேற்று இரவு டெவலப் செய்து டாங்கிலிருந்து எடுத்துக் காயப்போட்ட ஃபிலிம் ரோலில் 13 படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 84 மி.மீ. நீளம், 25 மி.மீ. உயரம். ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை, வெளிச்சம் கசிந்த வட்டம் விழவில்லை, ஓரம் மங்கவில்லை. இதற்கு முன் மூன்று ரோல்கள் வீணாயின. எந்த அளவு எங்கே தப்பியது என்பது நினைவில் இருக்கும்போதே எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 6×9 செ.மீ. அளவில் படம் எடுக்கும் பழைய மடிப்பு கேமரா. 105 மி.மீ. லென்ஸ், துருத்தி, பின்கதவில் எண் பார்க்கச் சிவப்பு ஜன்னல். 120 ரோல் போட்டால் எட்டே படம். 120 ஃபிலிம் 1901-லேயே வந்துவிட்டது. அதன் அகலம் 61 மி.மீ.க்குச் சற்று மேல், பின்னால் முழு நீளத்துக்கும் கறுப்புத் தாள் சுற்றியிருக்கும். நாம் எல்லோரும் அறிந்த 35 மி.மீ. கேசட் 1934-ல் வந்தது. இதில் தாள் கிடையாது, இரண்டு ஓரத்திலும் துளைகள், நடுவே படத்துக்குக் கிடைப்பது சுமார் 25 மி.மீ. இந்தச் சின்ன ஃபிலிமை அந்தப் பெரிய கேமராவில் குறுக்காக ஓடவிட்டால் நீளமான பட்டைப் படம் கிடைக்கும். ஹாசல்பிளாட் எக்ஸ்பான் கேமராவின் அகலப் படம் 24×65. இங்கே 84. நீளத்தில் அதையும் தாண்டுகிறது என்பதுதான் என்னை இழுத்தது.

இப்படி ஓட்டுவது புதிய யோசனை இல்லை. ரோலைஃப்ளெக்ஸ் கேமராவுக்கு ரோலைகின் என்ற பெயரில் 35 மி.மீ. அடாப்டரை அந்தக் கம்பெனியே செய்து விற்றிருக்கிறது. மடிப்பு கேமராக்காரர்கள் தாங்களே ஏதாவது செய்துகொள்ள வேண்டியதுதான். முப்பரிமாண அச்சு இயந்திரம் என்னிடம் இல்லை. ஹேக்ஸா, அரம், உப்புத்தாள், கை டிரில், வெர்னியர் காலிப்பர், எபாக்சி புட்டி, இவ்வளவுதான்.

முதலில் அடாப்டர் எதுவும் செய்யவில்லை. ஏற்கெனவே எடுத்து முடித்த 120 ரோலின் கறுப்புத் தாளும், அதைச் சுற்றி வைக்கும் ஸ்பூலும் கையில் இருந்தன. வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேகுக்குள் கைவிட்டு, 35 மி.மீ. ஃபிலிமில் 82 செ.மீ. வெட்டி, தாளின் நடுவில் ஒட்டிச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். தாளில் எண்கள் இருக்கின்றன, ஜன்னலில் தெரியும், எண்ணத் தேவையில்லை. காகிதத்தில் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இருட்டில்தான் சிக்கல் தெரிந்தது. தாளின் அகலம் 62 மி.மீ.க்குப் பக்கம், ஃபிலிம் 35. சுற்றும்போது ஃபிலிமைப் பிடித்து நேராக நிறுத்த எதுவும் இல்லை. விரல் நுனியால் ஓரத்தைத் தடவித் தடவி ஓட்டியும், கடைசியில் ஃபிலிம் 7 மி.மீ. சாய்ந்து போயிருந்தது. இன்னொரு பெரிய தப்பும் செய்தேன். ஃபிலிமின் இரண்டு முனைகளையும் தாளோடு ஒட்டிவிட்டேன். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றும்போது உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே நீளத்தில் நிற்காது. மிஞ்சிய ஃபிலிம் நடுவில் மேடாகப் புடைத்து, ரோலே வாழைப்பூ மாதிரி உப்பிக்கொண்டது. ஒரு முனையை மட்டும் ஒட்ட வேண்டும், மற்ற முனை சும்மா கிடக்க வேண்டும். 120 ரோலிலும் அப்படித்தான் இருக்கிறது. அதை நூறு முறை கையில் எடுத்திருந்தும் கவனித்ததில்லை.

அந்த ரோலை டெவலப் செய்தேன். எட்டில் மூன்று படங்கள் பார்க்கும்படி இருந்தன, ஆனால் அடிவானம் ஃபிலிமின் ஓரத்துக்கு ஏறிக்கொண்டே போனது. தாள் வழியை அதோடு விட்டேன். கேசட் அப்படியே கேமராவுக்குள் உட்கார வேண்டும், பகல் வெளிச்சத்தில் மாட்ட முடிய வேண்டும், முழு 36 படச் சுருளும் பயன்பட வேண்டும். இந்த மூன்றையும் வைத்துத்தான் அடுத்த வேலையைத் தொடங்கினேன்.

அளவெடுத்தேன். என் கேமராவில் காலி 120 ஸ்பூல் உட்காரும் இடம் முனைக்கு முனை 65 மி.மீ. 35 மி.மீ. கேசட்டின் மொத்த உயரம், ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அச்சு முனையையும் சேர்த்து, 47. மிச்சம் 18. சரி, பக்கத்துக்கு 9 என்று இரண்டு மரத் துண்டுகளை உருளைக் குச்சியிலிருந்து அறுத்தேன். நடுவில் துளை போட்டு, ஸ்பூலைப் பிடிக்கும் கேமராவின் முளைகள் அதில் நுழையும்படி செய்தேன். கேசட் அழகாகப் போய் உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை.

ஆனால் ஃபிலிமை வெளியே இழுத்து, படம் விழும் திறப்பான கேட்டின் குறுக்கே வைத்துப் பார்த்தபோது மேலே உள்ள இடைவெளியும் கீழே உள்ள இடைவெளியும் ஒன்றாக இல்லை. வெர்னியர் வைத்தால் வித்தியாசம் 4 மி.மீ. அதாவது ஃபிலிம் நடுவிலிருந்து 2 மி.மீ. தள்ளி நிற்கிறது. காரணம் அந்த நீட்டிய அச்சு. கேசட்டின் உடல் மட்டும் 43 மி.மீ., அச்சு நீட்டல் 4. ஃபிலிம் இருப்பது உடலின் நடுவில்தான், மொத்த உயரத்தின் நடுவில் இல்லை. நான் அச்சையும் சேர்த்து வகுத்துவிட்டேன்.

மரத் துண்டு இன்னொரு வேலையும் செய்தது. நீட்டிய அச்சு முனை மரத்தில் நேராக முட்டிக்கொண்டிருந்தது. கேசட்டின் உடல் சுற்றாமல் நிற்க வேண்டும், உள்ளே இருக்கும் அச்சு மட்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும். கேமராவின் ஸ்பிரிங் அழுத்தத்தில் மரம் அச்சை இறுக்கிப் பிடித்தது. சோதனை ரோலில் ஆறாவது படத்துக்குக் குமிழைத் திருப்பும்போது ஒரு சின்ன 'டக்'. அப்புறம் குமிழ் லேசாகிவிட்டது. திறந்து பார்த்தால், ஃபிலிமைச் சுற்றும் ஸ்பூலில் ஒட்டியிருந்த இடத்திலிருந்து பத்து துளைகள் வரிசையாகக் கிழிந்திருந்தன. அது காலாவதியான ரோல், படத்துக்காக ஓட்டியது இல்லை. ஆனாலும் அந்தக் கிழிசலைப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

ஒரு நாள் முழுக்க எதுவும் செய்யாமல் கணக்கை மட்டும் போட்டேன். 65-இல் உடல் 43 போனால் 22. பக்கத்துக்கு 11. இரண்டு துண்டும் 11 மி.மீ.தான். அச்சு நீட்டும் பக்கத்தில் மட்டும் துண்டு உள்ளே பொள்ளலாக இருக்க வேண்டும். நீட்டல் அந்தப் பொள்ளலுக்குள் எதையும் தொடாமல் சுற்றிக்கொள்ளும். மரத்தை விட்டுவிட்டுக் குழாய்க்கு மாறியது இதனால்தான். வெளி விட்டம் 25 மி.மீ. உள்ள பிவிசி குழாய் கேசட்டின் வட்டத்துக்கும் 120 ஸ்பூலின் தட்டுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. குழாயை நேராக அறுக்க, அதைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஓரம் சேரச் சுற்றி, அந்த ஓரத்தை வழிகாட்டியாக வைத்து அறுத்தேன். பிறகு கண்ணாடிமேல் உப்புத்தாளைப் பரப்பி, துண்டை நிமிர்த்திவைத்து வட்டமாகத் தேய்த்தேன். 11.6-இல் அறுத்து, தேய்த்துத் தேய்த்துக் கீழே கொண்டுவந்தேன்.

கேமராவின் முளை நுழையும் துளைக்கு முதலில் புட்டியில் டிரில் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் மையம் அரை மி.மீ. விலகியது. கடைசியில் விடை கண்முன்னே கிடந்தது. காலியான பிளாஸ்டிக் 120 ஸ்பூல் ஒன்றின் இரண்டு தட்டுகளையும், தண்டில் 4 மி.மீ. விட்டு, அறுத்தெடுத்தேன். முளைக்கு ஏற்ற துளை அதில் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. தட்டைக் குழாயின் ஒரு வாயில் மூடி மாதிரி வைத்தால், தண்டின் துண்டு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி எபாக்சி புட்டி அடைத்தால் அசையாது. தட்டின் தடிமனைச் சேர்த்து மொத்த உயரம் 11 வரும்படி குழாயை மறுபடி தேய்த்துக் குறைத்தேன்.

அச்சு நீட்டாத, சமமான பக்கத்துக்கான துண்டில் புட்டியை வாய் வரைக்கும் நிரப்பி, நடுவில் மட்டும் விரலால் அழுத்திச் சிறு குழி விட்டேன். அச்சு நீட்டும் பக்கத்தில் வாயிலிருந்து 5 மி.மீ. பொள்ளல் வேண்டும். காலி கேசட் ஒன்றின் நீட்டல்மேல் ஒரு சுற்று டேப் ஒட்டி, எண்ணெய் தடவி, இளகிய புட்டிக்குள் அழுத்தி எடுத்தேன். அச்சுப் பதிந்த குழி கிடைத்தது. காய்ந்த பிறகு குச்சியில் உப்புத்தாள் சுற்றி அந்தக் குழியை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினேன். நீட்டல் 4, குழி 5. அந்த ஒரு மி.மீ. இடைவெளிதான் துளைகள் கிழியாமல் காப்பது.

ஒன்று மட்டும் தொந்தரவாக இருந்தது. கேமராவில் மாட்டப் போகும்போது இரண்டு துண்டுகளும் கேசட்டிலிருந்து நழுவிக் கீழே விழுந்தன. மூன்று பொருளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து ஸ்பிரிங் முளைக்குள் நுழைப்பது பெரும்பாடு. டேப் சுற்றினால் ஒவ்வொரு ரோலுக்கும் பிரித்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் கேசட் இரும்புத் தகடு என்பது உறைத்தது. 3 மி.மீ. விட்டமுள்ள குட்டிக் காந்த வில்லைகளை, துண்டுக்கு இரண்டு வீதம், புட்டியின் முகப்பில் குடைந்து பதித்தேன். இப்போது கேசட்டைக் காட்டினாலே துண்டுகள் 'டப்' என்று போய் ஒட்டிக்கொள்கின்றன. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான். நாமே ஃபிலிம் நிரப்பும் பிளாஸ்டிக் கேசட்டில் இது ஒட்டாது, அங்கே டேப்தான்.

கேசட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதிலும் ஒரு முறை தடுமாறினேன். ஃபிலிமில் படம் பதியும் மருந்துப் பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். என் கேமராவைப் பின்னாலிருந்து பார்த்தால் புது ரோல் வலப்பக்கம் உட்காரும். சாதாரண 35 மி.மீ. கேமராவில் அது இடப்பக்கம், அச்சு நீட்டல் கீழ்நோக்கி இருக்கும். ஆக, வலப்பக்கம் வைக்கும்போது கேசட்டையே தலைகீழாக்கி நீட்டலை மேல்நோக்கி வைக்க வேண்டும். எந்தத் துண்டு மேலே என்று குழம்பாமல் இருக்க, பொள்ளல் உள்ள துண்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் பொட்டு வைத்தேன்.

அடுத்தது எதிர்ப்பக்கம், ஃபிலிமைச் சுற்றி வாங்கும் ஸ்பூல். இரண்டு தட்டுகளுக்கும் இடையே 62 மி.மீ. இருக்கிறது. அதில் 35 மி.மீ. ஃபிலிம் மேலும் கீழும் அலையும். அரை மி.மீ. அட்டையை 13 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, ஒட்டிக்கொண்டே தண்டின் இரண்டு முனைகளிலும் 24 மி.மீ. விட்டம் வரும்வரை சுற்றினேன். நடுவில் 36 மி.மீ. பள்ளம் மிஞ்சியது. ஃபிலிம் அதற்குள் சுற்றிக்கொள்ளும், விலக வழி இல்லை.

இந்த நிலையில் முதல் உண்மையான ரோலைப் போட்டேன். ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை. தாள் இல்லாததால் எண் பார்க்க முடியாது, குமிழைச் சுற்றும் எண்ணிக்கைதான் கணக்கு. பழைய 120 தாளைக் கேமராவில் ஓட்டி, நடுவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே எவ்வளவு சுற்று என்று பார்த்தேன். ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. அதனால் எல்லாப் படத்துக்கும் ஒன்றே முக்கால் என்று வைத்துக்கொண்டேன்.

ரோல் வெளியே வந்தபோது இரண்டு தப்புகள் ஒரே ஃபிலிமில் தெரிந்தன. ஒன்று, வரிசையாகக் கறுத்த வட்டங்கள். சிவப்பு ஜன்னலுக்கு நகரும் மூடி இருக்கிறது, அது போதும் என்று விட்டிருந்தேன். 120 ரோலில் அந்த ஜன்னலுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கறுப்புத் தாள் நிற்கிறது, உண்மையில் காப்பது அதுதான். தாள் போனதும் மூடியின் ஓரத்தில் கசியும் வெளிச்சமே போதுமானதாகிவிட்டது. இந்த வகை ஃபிலிம் சிவப்பையும் பார்க்கும், சிவப்புக் கண்ணாடி அதற்குத் தடையே இல்லை.

இரண்டாவது, முதல் ஐந்து படங்கள் ஒன்றின்மேல் ஒன்று சுமார் 10 மி.மீ. ஏறியிருந்தன, கடைசிப் படங்களுக்கு நடுவே இரண்டு விரல்கடை வெற்றிடம். வெர்னியரை எடுத்துக்கொண்டு ஸ்பூலிடம் போனதும் விளங்கியது. காலி ஸ்பூலின் தண்டு 12 மி.மீ.தான். ஒரு சுற்றுக்கு 38 மி.மீ. ஃபிலிம்கூட வராது. 120 ரோலில் முதல் படம் வருவதற்குள் வெறும் தாளே பல சுற்று ஏறித் தண்டைத் தடிப்பாக்கியிருக்கும். அதன் பிறகும் தாளும் ஃபிலிமும் சேர்ந்து ஏறுவதால் வேகமாகத் தடிக்கும். என்னுடையதில் ஃபிலிம் மட்டும். தொடக்கத்தில் ஒல்லி, கடைசியில் தடிமன். ஒரே எண்ணிக்கை இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

இதற்கு நான் செய்தது மிகச் சின்ன வேலை. வீணான 120 தாளிலிருந்து 35 மி.மீ. அகலத்தில் 90 செ.மீ. பட்டை வெட்டி, அட்டை வளையங்களுக்கு நடுவே உள்ள தண்டில் இறுக்கமாகச் சுற்றி, முனையை ஒட்டினேன். தாள் பத்தில் ஒரு மி.மீ. தடிமன். இருபது சுற்றில் தண்டு 16 மி.மீ. ஆனது. முழுச் சுருளும் இதன்மேல் ஏறினால் எவ்வளவு வரும் என்று காலாவதியான ரோலை ஓட்டி அளந்தேன். 23 மி.மீ.க்குள் நின்றது. வளையங்கள் 24, தட்டு 25, எங்கும் உரசவில்லை.

அதே காலாவதி ரோலை வைத்து எண்ணிக்கையையும் சரிபார்த்தேன். பின்கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, கேட்டின் இரண்டு ஓரங்களிலும் ஃபிலிமில் மார்க்கரால் கோடு, குமிழைத் திருப்பு, மறுபடி கோடு. குமிழில் வெள்ளைப் பொட்டு, அதைச் சுற்றி கால் சுற்றுக்கு ஒன்றாக நான்கு கீறல். ஒரு படத்துக்கு 90 மி.மீ. நகர, தொடக்கத்தில் ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவே தேவைப்பட்டது. ரோல் முடியும் நேரத்தில் ஒன்றேகால் போதும். கையில் காகிதம் வைத்துக்கொண்டு படத்துக்குப் படம் பின்னம் பார்ப்பது வெளியே நடக்காத காரியம். அதனால் விதியைச் சுருக்கினேன்: பின்கதவை மூடியதும் இரண்டரைச் சுற்று, அது வெளிச்சம் பட்ட பகுதியைத் தாண்ட. பிறகு ஐந்து தடவை ஒன்றே முக்கால். அதற்கப்புறம் எல்லாம் ஒன்றரை. இந்தச் சுருக்கத்தில் இரண்டு படங்கள் இழப்பு, பதினைந்து வர வேண்டிய இடத்தில் பதின்மூன்று. எண்ணிக்கை தப்பாமல் இருப்பதற்கு அந்த இரண்டைக் கொடுக்கலாம்.

சிவப்பு ஜன்னலுக்கு உள்ளே கறுப்பு அட்டை வட்டம், அதன்மேல் துணி டேப், வெளியே மறுபடி ஒரு துணி டேப். மின்வேலைக்குப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் டேப்பை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், ஒரு அடுக்கில் வெளிச்சம் லேசாகத் தெரிந்தது. அதனால் துணி டேப்.

அடுத்த ரோலில் வட்டம் இல்லை, ஏறல் இல்லை. ஆனால் படத்தில் ஒரு விசித்திரம். நடுவில் கூர்மை, பக்கவாட்டில் ஓர் இடத்தில் மங்கல், அதற்கப்பால் மறுபடி கூர்மை. லென்ஸில் கோளாறு என்று இரண்டு நாள் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். வீண் வேலை. அதே லென்ஸ் 120 ரோலில் ஓரம்வரை நன்றாக இருந்ததை முதலிலேயே நினைத்திருக்க வேண்டும். கோளாறு ஃபிலிம் நிற்கும் விதத்தில். கேட்டின் உயரம் 56 மி.மீ., ஃபிலிம் 35. 120 ஃபிலிம் தன் இரண்டு ஓரங்களால் தண்டவாளம் மாதிரி உள்ள பட்டைகளில் படிந்து நிற்கும். 35 மி.மீ. ஃபிலிமுக்கு அந்தப் பட்டைகள் எட்டவே இல்லை. பின்னால் அழுத்துத் தகடு இருக்கிறது, முன்னால் வெட்டவெளி. ஃபிலிம் லென்ஸ் பக்கம் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அரை மி.மீ. பித்தளைத் தகட்டில் இரண்டு பட்டைகள் வெட்டினேன். ஒவ்வொன்றும் கேட்டின் மேல், கீழ் விளிம்பிலிருந்து 15.5 மி.மீ. உள்ளே நீட்டி நிற்கும். நடுவே 25 மி.மீ. திறப்பு. விளிம்புப் பக்கத்தில் 3 மி.மீ. மட்டும் செங்கோணமாக மடக்கி, கேட்டின் உள்சுவரில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். கேமராவை மடித்து மூடும்போது துருத்தியில் இடிக்கிறதா என்று மெதுவாக மூடிப் பார்த்த பிறகுதான் அழுத்தி ஒட்டினேன். ஃபிலிமின் துளை ஓரம் பக்கத்துக்கு 5 மி.மீ. இந்தப் பித்தளைமேல் படிகிறது. எஃகு அளவுகோலைக் கேட்டின் குறுக்கே நிமிர்த்தி வைத்து, பித்தளையும் பழைய பட்டைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பின்னாலிருந்து விளக்குப் பிடித்துப் பார்த்தேன். கீழ்ப்பட்டை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. டேப்பைப் பிரித்து மூன்று முறை ஒட்டினேன். ஓரங்களை 1000 எண் உப்புத்தாளில் மழுங்கத் தேய்த்து, மங்கல் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன்.

அழுத்துத் தகட்டின்மேல் கறுப்புத் தாள் ஒரு துண்டு நிரந்தரமாக ஒட்டியிருக்கிறேன். 120 தாள் இல்லாததால் ஏற்படும் தடிமன் குறையை அது நிரப்புகிறது, ஃபிலிம் பின்னால் போய்விடாது. கூர்மையைச் சரிபார்க்க, பித்தளைப் பட்டைகளின் குறுக்கே மங்கலான ஒட்டு டேப்பை விறைப்பாக இழுத்து ஒட்டி, ஷட்டரை, அழுத்தியிருக்கும்வரை மூடாத 'பி' நிலையில் திறந்து வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தொலைவில் இருந்த கம்பத்தின் கம்பிகள் முடிவிலிக் குறியிலேயே கூர்மையாக விழுந்தன. அந்தக் கம்பிகளைப் பார்த்ததும்தான் இது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

துளைகளின்மேலும் படம் விழும்படி எடுப்பவர்கள் உண்டு. அந்த மங்கல் ரோலில் எனக்கும் அப்படித்தான் வந்தது. முதல் இரண்டு படங்களுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் கண் துளைகளுக்கே போகிறது, எடுத்த காட்சி பின்னால் நிற்கிறது. எனக்கு அகலமான காட்சிதான் வேண்டும். பித்தளைப் பட்டை அதற்கும் வசதியாகிவிட்டது.

வ்யூஃபைண்டர் இன்னும் முழு 6×9-ஐத்தான் காட்டுகிறது. அதன் கண்ணாடியில் மேலும் கீழும் கறுப்பு டேப் ஒட்டி, நடு உயரத்தில் 45 சதவீதம் மட்டும் தெரியும்படி செய்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: படம் நீளமாக இருப்பதால் அகலமான கோணம் என்று நினைத்துவிடக் கூடாது. 84 மி.மீ. அகலத்தில் 105 மி.மீ. லென்ஸ் காட்டுவது சுமார் 44 டிகிரி, 35 மி.மீ. கேமராவில் 45 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவு. அகலம் அதேதான், மேலும் கீழும் வெட்டுப்படுகிறது. மலைத்தொடருக்கும் ஆற்றங்கரைக்கும் இது போதும். குறுகிய தெருவில் போதாது.

ஏற்றும் முறை இப்போது இப்படி. கேசட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஃபிலிம் முனையான லீடரின் ஒடுங்கிய நாக்கை நேராக வெட்டிவிட்டு, சுற்றும் ஸ்பூலில் உள்ள தாளின்மேல் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுகிறேன். டேப் ஃபிலிமின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும், சாய்வாக ஒட்டினால் கடைசிவரை சாய்வுதான். ஒரு சுற்று சுற்றி, இழுவை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மூடு. கேசட்டின் வாய் கேட்டின் ஓரத்தில் உள்ள உருளைக்கு நேராக இருக்கும்படி திருப்பி வைக்க வேண்டும். அந்த உதடு உருளையில் உரசினால் ஃபிலிமின் நீளம் முழுக்க ஒரு கீறல் விழும். மங்கல் ரோலில் விழுந்தது.

ரோல் முடிந்ததும் குமிழ் இறுகும். அங்கே அழுத்தம் கொடுக்கக் கூடாது. இந்தக் கேமராவில் பின்னோக்கிச் சுற்ற வழி கிடையாது, தாளும் இல்லாததால் வெளிச்சத்தில் திறக்கவும் முடியாது. சேஞ்சிங் பேகுக்குள்தான் திறக்க வேண்டும். ஒரு மரக்குச்சியின் முனையில் ஹேக்ஸாவால் பிளவு போட்டு வைத்திருக்கிறேன். கேசட்டின் சமமான பக்கத் துளையில் அதை விட்டால் உள்ளே உள்ள குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாகச் சுற்றினால் ஃபிலிம் கேசட்டுக்குள் திரும்பிவிடும். நாலைந்து நிமிட வேலை. டெவலப் செய்வது சாதாரண 35 மி.மீ. ரீலில்தான். காய்ந்த பிறகு இரண்டு படத்துக்கு ஒரு துண்டு என்று வெட்டினால் வழக்கமான உறையில் நுழைகிறது.

செலவு என்று எழுத வேண்டுமானால் குழாயும் புட்டியும் காந்தமும் ஒரு பொருட்டே இல்லை, பெரும்பாலானவை வீட்டில் கிடந்தவை. வீணான மூன்று ரோல்கள்தான் உண்மையான செலவு. முதலிலேயே காலாவதி ரோல் ஒன்றை ஒதுக்கி, பின்கதவைத் திறந்து வைத்துக் கோடு போட்டுப் பார்த்திருந்தால் இரண்டாவது ரோல் தப்பியிருக்கும். ஒட்டு டேப்பை வைத்துக் கூர்மை பார்த்திருந்தால் மூன்றாவதும் தப்பியிருக்கும்.

மறுபடி செய்தால் சுற்றும் ஸ்பூலை அட்டையில் செய்ய மாட்டேன். ஈரக் காற்றில் வளையத்தின் விளிம்பு ஏற்கெனவே லேசாக உப்பியிருக்கிறது. 24 மி.மீ. நைலான் தண்டில் நடுவே 16 மி.மீ. பள்ளம் கடைந்து வாங்க வேண்டும். கடைசல் வேலைக்காரரிடம் கொடுக்க வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். குமிழில் கால் சுற்றுக்கு ஒரு 'கிளிக்' விழும்படி ஒரு ஸ்பிரிங் தகடு வைக்கலாம். இருட்டும் நேரத்தில் வெள்ளைப் பொட்டு தெரிவதில்லை, நேற்றைய ரோலில் ஒன்பதாவது படத்தை எண்ணாமல் விட்டேனோ என்று சந்தேகப்பட்டு ஒரு நிமிடம் நின்றேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. பித்தளைப் பட்டைகளை இரட்டைப் பக்க டேப்புக்குப் பதில் கழற்றக்கூடிய திருகில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கேமராவில் மறுபடி 120 போட ஒரு மாலைப்பொழுது வேலை இருக்கிறது.

அதுவரை 120 வேண்டாம் என்று முடிவுசெய்திருக்கிறேன். அடுத்த கேசட் உள்ளே ஏறிவிட்டது. மூடியதும் இரண்டரைச் சுற்று முடித்து, முதல் படம் எடுத்து, ஒன்றே முக்கால் திருப்பி வைத்திருக்கிறேன்.